நம்பிராஜன் அண்ணாச்சியின் செட்டு

“செட்டு ஓடலையாம். அண்ணாச்சி கையோட கூட்டிக்கிட்டு வரச் சொன்னாக” என்று சொரிமுத்து வந்து நின்றபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீடு மேலகரத்தில். என் வீட்டுக்காரர் ஏசுவடியான் பம்புசெட் மெக்கானிக். தென்காசியிலிருந்து பண்பொழி வரை எந்தக் கிணற்றில் இன்ஜின் மக்கர் செய்தாலும் ஆள் எங்கள் வாசலுக்குத்தான் வரும். வருகிறவர்கள் செட்டு என்று சொன்னால் அது பம்புசெட். வேறு அர்த்தம் அந்த வார்த்தைக்கு உண்டென்று அன்றைக்குக் காலை வரை எங்களுக்குத் தெரியாது. சொரிமுத்து, இலஞ்சியில் நம்பிராஜன் அண்ணாச்சியின் வயலில் வேலை பார்ப்பவர்.

“இன்ஜின் ஓடுதா, அதுவும் ஓடலையா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“இன்ஜின் கத்து கத்துன்னு கத்துது. தண்ணியத்தான் தள்ள மாட்டேங்குது.”

“அப்போ ஃபுட்வால்வு” என்று சொல்லிப் பையைத் தூக்கினார் இவர்.

ஃபுட்வால்வு என்பது கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிவாய். அதில் ஒரு சல்லடை இருக்கும். அந்தச் சல்லடையில் பாசியோ சாக்கோ ஒட்டிக்கொண்டால், மேலே இன்ஜின் தொண்டை கிழியக் கத்தினாலும் வாய்க்காலில் ஒரு சொட்டு விழாது.

நானும் கூடப் புறப்பட்டேன். பொண்டாட்டியைச் சைக்கிளில் வைத்து வேலைக்குப் போகிற மெக்கானிக் என்று ஊரில் இவருக்கு ஒரு கேலி உண்டு. அதற்குக் காரணம் இருந்தது. இவருடைய வலது கையில் இரண்டு விரலை ஒரு இன்ஜின் பெல்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தது. தூக்குவது, திருகுவது, தட்டுவது எல்லாம் இவர் செய்வார். விரல் நுழைய வேண்டிய இடம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்.

அது அறுபத்து நாலாம் வருஷம் ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. சாரல் விழுந்துகொண்டே இருந்தது. இலஞ்சி எல்லையில் சொரிமுத்து வயல் பக்கம் திரும்பாமல் குளத்துக் கரையில் ஏறினார்.

“கெணறு அங்கனல்லா இருக்கு?” என்றார் இவர்.

“கெணத்துக்கு யாரு கூப்பிட்டா? கொளத்துக்கு வாரும்.”

கரை ஏறிப் பார்த்தால், தண்ணீரின் ஓரத்தில் ஒரு படகு கட்டிக் கிடந்தது. பதினாறு அடி நீளம். வெள்ளை உடம்பு, சிவப்புக் கோடு. மூக்கில் ஒரு செவ்வரளி மாலை. பக்கத்தில் நம்பிராஜன் அண்ணாச்சி, பட்டாளத்து மீசையோடு இடுப்பில் கை வைத்து நின்றார். இவருடைய பையிலிருந்து எட்டிப் பார்த்த, பம்பு ஒழுக்கை அடைக்கும் கிளாண்ட் கயிற்றையும் தோல் வாஷரையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துபோயிற்று.

“ஏலே சொரிமுத்து, இவருகிட்ட என்னன்னு சொன்ன?”

“செட்டுன்னுதான் சொன்னேன்.”

“ஜெட்டுலே. ஜெட்டு. ஜெட்டு போட்டு.”

“நானும் அதத்தான அண்ணாச்சி சொல்லுதேன். செட்டு.”

அண்ணாச்சி எங்களைப் பார்த்து, “மன்னிக்கணும் ஓய். இது ஆகாயத்துல கோடு போட்டுக்கிட்டுப் போகுதே, அந்த ஜெட்டு சாதி. உம்ம வேலை இல்ல. வந்தது வந்தீரு, காப்பி குடிச்சிட்டுப் போரும்” என்றார்.

இவர் போகவில்லை. படகைச் சுற்றி வந்து, குனிந்து, வாலைப் பார்த்தார். “விசிறி எங்க அண்ணாச்சி? கொல்லம் பக்கத்துல பாத்திருக்கேன். போட்டுக்குப் பின்னால ஒரு விசிறி சுத்தும்லா?”

“இதுக்கு விசிறி கெடையாது. வயித்துல ஒரு சல்லடை இருக்கு. அதுவழியாத் தண்ணிய உறிஞ்சும். உள்ள ஒண்ணு சுத்தி, வால் வழியாப் பீச்சி அடிக்கும். அடிக்கிற வேகத்துல போட்டு முன்னால பாயும்.”

இவர் வால் துளையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “அப்போ சொரிமுத்து சரியாத்தான் சொல்லியிருக்கான். இது செட்டுதான். நம்ம பம்புல செட்டு நிக்கும், தண்ணி போவும். இதுல தண்ணி நிக்குது, செட்டு போவுது. அவ்வளவுதான வித்தியாசம்” என்றார்.

அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார். போகச் சொல்லவில்லை.

அண்ணாச்சியின் மனைவி உச்சிமாகாளியிடம்தான் முழு விவரமும் கேட்டேன். நான் அவளை அண்ணி முறையில் மைனி என்று கூப்பிடுவேன். மைனி என்னைக் கரையோரம் வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போனாள்.

கொல்லம் பக்கத்தில் ஒரு எஸ்டேட் துரை, சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன படகு அது. மூன்று வருஷம் ஷெட்டில் கிடந்தது. அண்ணாச்சி அதை வாங்கி, ஆரியங்காவு வழியாக லாரியில் கொண்டுவந்திருந்தார். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு இங்கே வந்து படகில் ஒரு சுற்றுச் சுற்றிப் போவார்கள் என்பது அவர் எண்ணம். ஆனால் குளத்தில் படகு விடப் பொதுப்பணித்துறை இன்ஜினியர் அனுமதி தர வேண்டும். அவர் வருகிற திங்கட்கிழமை வருவதாக இருந்தது. ஓட்டுகிறவர் போக, இன்ஜினியரையும் சேர்த்து ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, மடையிலிருந்து எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பி வந்தால் கையெழுத்து. இல்லையென்றால் படகை அன்றைக்கே குளத்தை விட்டு எடுத்துவிட வேண்டும்.

“எடுத்தா எடுத்துட்டுப் போவுது. அதுக்கா நான் அழுதேன்?” என்றாள் மைனி. “அவுக பட்டாளத்துல பதினெட்டு வருஷம். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு. கூட்டிப் பாத்தா நான் அவுககூட இருந்தது ஒன்றரை வருஷந்தான். இப்போ வடக்க வங்காளத்துல, சிலிகுரியில லாரி ஓட்ட வான்னு பழைய ஆபீசர் ஒருத்தர் காயிதம் போட்டிருக்காரு. போட்டு ஓடலைன்னா ரயிலேறிருவேன்னு சொல்லுதாக. வயல்ல அண்ணன் தம்பிமாருக்குப் பின்னால கைகட்டி இவுக நிக்க மாட்டாகளாம்.”

அவள் அழவில்லை. மடியிலிருந்த அரளிப்பூவை எடுத்து, ஈர வாழை நாரில் வைத்து வைத்து முடிந்துகொண்டிருந்தாள். விரல் அவ்வளவு வேகம்.

படகின் நோய் இப்படி. ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாகத் தண்ணீரில் விட்டார்கள். குளம் முழுக்கப் பறந்தது. கரையில் நின்ற கூட்டம் கை தட்டியது. திங்கட்கிழமை காலை இன்ஜின் முதல் தட்டிலேயே கிளம்பியது. பத்துப் பாகம், அறுபது அடி இருக்கும், போனது. அதற்கப்புறம் இன்ஜின் மட்டும் மேலே மேலே கத்தியது, படகு நடக்கவில்லை. கத்தக் கத்தச் சூடு. செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே.

தென்காசியில் பஸ்ஸுக்கு வேலை பார்க்கும் சங்கரபாண்டியைக் கூட்டிவந்திருந்தார்கள். கெட்டிக்காரர். சாரலில் பிளக் நனைந்திருக்கும் என்று பிளக்கைக் கழற்றிக் காய வைத்தார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று டாங்கியை வடித்து, துணியில் வடிகட்டி ஊற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து, ஊதி, மறுபடி மாட்டினார். துரை விட்டுப்போன புத்தகத்தில் வழி இருக்குமா என்று பார்த்தால் பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. நாங்கள் போனபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்ஜின்ல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி” என்றார். “என் பஸ்ஸுக்கு இந்தச் சத்தம் வந்தா நான் மதுரைக்கு ரெண்டு தரம் போய்ட்டு வந்துருவேன். குத்தம் இருந்தா அது கொளத்துலதான்.”

“கொளத்தக் கழட்டி மாட்ட முடியுமாலே?” என்றார் அண்ணாச்சி.

இவர், படகின் பின்பக்கத்தில் கையாலேயே திருகுகிற காதுத் திருகாணி போட்டு மூடியிருந்த ஒரு சின்ன மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலம். “இது என்ன?”

“தெரியல. இது வரைக்கும் திறக்கல” என்றார் அண்ணாச்சி.

“தண்ணி ஊத்துத மூடி” என்றார் இவர், சந்தேகமே இல்லாமல். “செட்டு காத்து வாங்குது. அதான் தண்ணி தள்ளல. சொரிமுத்து, ஒரு வாளி சாணி கரைச்சுக் கொண்டா.”

உங்களில் பம்புசெட் வைத்துப் பயிர் செய்த குடும்பத்துக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பம்பு காற்றை வாங்கினால் நாங்கள் மேலே இருந்து சாணித் தண்ணீர் ஊற்றுவோம். சாணி, ஒழுகுகிற இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். பம்பு பிடித்துக்கொள்ளும்.

“ஓய்” என்றார் அண்ணாச்சி. “பட்டாளத்துல நான் ஓட்டாத வண்டி இல்ல. ஒரு வண்டிக்கும் சாணி கரைச்சதில்ல.”

“பட்டாளத்து வண்டி தண்ணியக் குடிச்சுத் துப்பாது அண்ணாச்சி. இது துப்புது.”

மூடியைத் திறந்து ஒரு வாளிச் சாணித் தண்ணீரையும் ஊற்றி, கிளாண்டுக்குப் புதுக் கயிறு சுற்றி, கிரீஸ் அப்பி, இறுக்கி முடித்தார் இவர். இன்ஜினைப் போட்டார்கள். வாலிலிருந்து பச்சையாக ஒரு பீச்சு பீச்சியது. சங்கரபாண்டியின் சட்டை முழுக்கச் சாணி. படகு எட்டடி போய் நின்றது. இன்ஜின் கத்தியது.

“எட்டடி முன்னேத்தம்” என்றார் சங்கரபாண்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்கு அத்தோடு சரி. இவர் மட்டும் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத் தானே பேசிக்கொண்டு வந்தார். இவருக்கு அப்படித்தான். சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். ஏன் ஓடவில்லை என்று தெரிந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் போனோம். இவர் பையைத் திறக்கவே இல்லை. கரையில் குந்திக்கொண்டு எல்லாரையும் விசாரித்தார்.

“நல்லா ஓடுன நாளு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான். சரியா? அன்னைக்கு இல்லாம இப்போ இருக்கது என்ன? யோசிச்சுச் சொல்லுங்க.”

“அன்னைக்கு வெயிலு. இப்போ சாரலு” என்றார் அண்ணாச்சி.

“அன்னைக்கு எருமைய இந்தப் பக்கம் இறக்கல” என்றார் சொரிமுத்து.

“அன்னைக்கு நான் வரல” என்றார் சங்கரபாண்டி.

“அதையும் வச்சுக்கிடுவோம்” என்றார் இவர். சிரிக்காமல்தான் சொன்னார்.

மைனி, “நான் பூசையில ஒரு கொறையும் வைக்கல. அன்னைக்கும் புது மாலைதான் போட்டேன். இன்னைக்கும் புது மாலைதான் போட்டிருக்கேன்” என்றாள்.

எல்லாரும் தலையாட்டினோம். அது இரண்டு நாளும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டோம்.

அப்புறம் இவர் ஒரு வேலை செய்தார். படகை இரண்டு வடக்கயிறு போட்டு வேப்ப மரத்தில் கட்டச் சொன்னார். இன்ஜினை ஓடவிட்டு, வாலிலிருந்து வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது ஒரே தண்டாக வரவில்லை. இருமுகிறவன் துப்புவதுபோல் விட்டு விட்டு வந்தது. நிறுத்தச் சொன்னார். படகைக் கரையில் இழுத்து, ஒரு பக்கமாகச் சாய்த்து, வயிற்றுச் சல்லடையைப் பார்த்தார்கள். துடைத்துவைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

“நான் தெனம் பாக்கேன். சல்லடையில ஒண்ணும் கெடையாது” என்றார் அண்ணாச்சி.

“ஓடும்போது ஒட்டிக்கிடும் அண்ணாச்சி. நிறுத்தினா விட்டுரும். கெணத்துல சாக்கு ஒட்டினா இப்படித்தான். மேல தூக்கிப் பாத்தா ஒண்ணும் இருக்காது.” என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, இங்கன வா. கொஞ்சம் நழுவி உள்ள போயிருந்தா அது விட்டிருக்காது. அந்த மூடிக்குள்ள கைய விடு.”

படகை மறுபடி தண்ணீரில் தள்ளி, நான் பின்பக்கம் ஏறி, மூடியைத் திறந்து கையை விட்டேன். முழங்கை வரை குளிர்ந்த தண்ணீர். விரலுக்கு ஒரு இரும்புத் தண்டு தட்டுப்பட்டது. அதன் மேல் தலைமுடி போல ஏதோ சுற்றியிருந்தது. ஒரு கணம் பயந்துவிட்டேன். பிறகு நகத்தால் நெம்பி இழுத்தேன். வந்தது. இழுக்க இழுக்க வந்தது.

வாழை நார். கறுத்து, முறுக்கேறி, கயிறு போல ஆகியிருந்தது. அதன் இடுக்கில் அழுகிய செவ்வரளி இதழ் ஒன்று.

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மைனி தூக்குவாளியில் சுக்குக் காப்பியோடு வந்துகொண்டிருந்தாள். இவர் சட்டென்று அந்த நார்ச் சுருளை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“என்ன ஓய் கெடச்சுது?”

“பாசி அண்ணாச்சி. பாசிதான்.”

மத்தியானம் படகு ஓடியது. ஒரு சுற்று இல்லை, மூன்று சுற்று. அண்ணாச்சி நின்றுகொண்டே ஓட்டினார். மைனி கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நாளைக்குத் திருமலை முருகனுக்குச் சாத்தின மாலைய வாங்கிப் போடுதேன்” என்று சொன்னாள். இவர் முகம் மாறியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சைக்கிளில் திரும்பும்போது கேட்டேன். “எதுக்குப் பாசின்னு சொன்னீங்க?”

“வேற என்ன சொல்ல?”

“நாருன்னு சொல்ல வேண்டியதுதான. மூக்குல போட்ட மாலை எப்படி வயித்துக்குள்ள போச்சுன்னு கேக்க வேண்டியதுதான.”

இவர் கொஞ்ச தூரம் மிதித்தார். “நாம வேதக்கோயிலுக்குப் போறவங்க. மாலை போடாதீங்கன்னு நான் சொன்னா அவுக காதுல அது இன்ஜின் சங்கதியாக் கேக்குமா?”

வீடு நெருங்கும்போது, “எல்லாத்தையும் உருவியாச்சுல்லா. ஒண்ணும் ஆவாது” என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். பம்பு விஷயத்தில் ஒருநாளும் இப்படிப் பேசுகிற மனிதர் இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் போய்விட்டோம். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தோம். மைனி குளித்து, ஈரத் தலையோடு வந்தாள். படகின் மூக்கிலிருந்து முதல் நாள் மாலையைக் கழற்றினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை எடுத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்து, படகின் பின்பக்கத்துக்கு வந்து, மெதுவாகத் தண்ணீரில் விட்டாள். சாமிக்குப் போட்ட பூ யார் காலிலும் படக் கூடாதல்லவா. ஓடுகிற தண்ணீரிலோ குளத்திலோ விடுவதுதானே முறை. அவள் அந்த முறையில் ஒரு நாளும் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கழற்றுவதற்குப் பழைய மாலை இல்லை.

அதற்கப்புறம் பண்பொழித் திருமலைக் கோயிலிலிருந்து வந்த பெரிய மாலையைச் சாத்தினாள். தேங்காய் உடைத்தாள். அண்ணாச்சி இன்ஜினைத் தட்டினார்.

முப்பது அடி. கத்தல். சூடு. கயிறு கட்டி இழுத்தார்கள்.

அண்ணாச்சி இறங்கி வந்து கரையில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, “சொரிமுத்து, சைக்கிள எடு. தென்காசிக்குப் போயி ஒரு தந்தி அடிக்கணும். சிலிகுரிக்கு” என்றார். “திங்கக்கிழமை வரைக்கும் இருந்து ஆபீசர் முன்னால கயிறு கட்டி இழுக்கவா?”

மைனி கையில் தேங்காய் மூடியோடு அப்படியே நின்றாள்.

நான் போய் அவள் கையைப் பிடித்தேன். “மைனி, எங்கூட வாங்க. அந்த மூடிக்குள்ள ஒரு தடவை கைய விட்டுப் பாருங்க. என் கைய விட உங்க கை மெலிசு.”

“நானா? பூச போட்டதுல கால வைக்கதா? நான் ஏற மாட்டேன்.”

“ஏற வேண்டாம். தண்ணியில நின்னுக்கிட்டே விடலாம்.”

முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகின் வால் பக்கமாகச் சாய்ந்து கையை விட்டாள். அவள் விரல் தேடுவது அவள் முகத்தில் தெரிந்தது. எதையோ பிடித்தாள். இழுத்தாள். வெளியே வந்ததை உள்ளங்கையில் விரித்துப் பார்த்தாள். இது கறுக்கவில்லை, புதுசு. பூ பாதி இருந்தது. அவள் பூவைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்தாள்.

“நாலு பூவுக்கு ஒரு ரெட்டை முடிச்சு” என்றாள் மெதுவாக. “எங்க அம்மை கட்டு. இந்த ஊருல வேற யாரும் இப்படிக் கட்ட மாட்டாக.” அவள் நிமிர்ந்தாள். “நேத்துப் பாசின்னு சொன்னது இதத்தானா?”

“ஆமா மைனி.”

“ஏட்டி, நேத்தே தெரியுமா ஒனக்கு?”

“நாங்க வேற வேதம். மாலை வேண்டாம்னு நாங்க சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்னுதான்…”

“கோயில்ல வந்து நின்னுக்கிட்டு மாலையத் தூக்கி எறின்னு சொன்னாத் தப்பு. தொண்டையில நாரு சிக்கியிருக்குன்னு சொல்ல எந்த வேதமா இருந்தா என்ன?” என்றாள். கோபம்தான். ஆனால் அவள் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. “கழுத்துல போட்டது தொண்டைக்குள்ள போனா எந்தச் சாமிக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். ஒரு வாரமா மூச்சு முட்ட வச்சிருக்கேன்.”

ஈரச் சேலையோடு கரையேறி அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள். நாரைக் காட்டினாள்.

“தந்தி அடிக்க வேண்டாம். போட்டு தொண்டைய அடைச்சது நான்தான்.”

அண்ணாச்சிக்குப் புரிய நேரமாயிற்று. இவர்தான் எடுத்துச் சொன்னார். ஓடும்போது மாலை சல்லடையில் ஒட்டுவது, நிறுத்தினால் விட்டுவிடுவது, அறுந்த நார் மட்டும் உள்ளே போய்த் தண்டில் சுற்றுவது. இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரும் அந்த வழியாகத்தான் போகிறது, அதனால்தான் சூடு. சூட்டினால் நிற்கவில்லை, நின்றதால்தான் சூடு. சொல்லிவிட்டு, பைக்குள் கையை விட்டு வெள்ளிக்கிழமை நாரையும் எடுத்து வைத்தார். “இதையும் நேத்தே காட்டியிருக்கணும். என் மேலதான் தப்பு அண்ணாச்சி.”

“அப்போ நான் கழட்டுன கார்புரேட்டரு?” என்றார் சங்கரபாண்டி.

“அது சும்மா கழட்டுனது” என்றார் இவர்.

அண்ணாச்சி அந்த இரண்டு நாரையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எல்லா நாளும் இங்கனயா விட்ட?” என்று மனைவியிடம் கேட்டார்.

“எல்லா நாளும். பெரிசா ஓடட்டும்னு பெரிசாக் கட்டுனேன்.”

அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சொரிமுத்துவைப் பார்த்து, “சைக்கிள உள்ள வைலே” என்று மட்டும் சொன்னார்.

மைனி மாலை போடுவதை நிறுத்தவில்லை. நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. வாடின மாலையை வேப்ப மரத்துக் கவட்டையில், யார் காலும் எட்டாத உயரத்தில் வைத்தாள். புதுசைச் சாத்தினாள். இன்ஜினைப் போடும் முன் அதையும் அவளே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேதக்கோயிலில் ஆராதனைக்குப் போய்விட்டோம். படகு நாலு சுற்று ஓடியதாகச் சொரிமுத்து வந்து சொன்னார்.

திங்கட்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினார் இன்ஜினியர். நடு வயது. குடையைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் ஒரு தோள் நனைந்துகொண்டிருந்தது. “ஏறுங்கள், போய்ப் பார்ப்போம்” என்றார். அவர் ஒருவர். இவர், நான், சொரிமுத்து. ஓட்டுகிற அண்ணாச்சியை விட்டால் நாலு பேர்தான். சங்கரபாண்டிக்கு அன்று டிப்போவில் வேலை.

“இன்னொரு ஆள் யாரு?” என்று அண்ணாச்சி கரையைப் பார்த்தார். முப்பது பேர் நின்றிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

“ஒரு வாரமாக் கயிறு கட்டி இழுத்ததப் பாத்தோம்லா” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “எனக்கு நீச்சல் தெரியாதப்பா” என்று இன்னொன்று.

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஐந்து பேர் இல்லாமல் பார்த்தால் பார்த்ததாக எழுத முடியாது.”

மைனி மாலையைச் சொரிமுத்துவின் பெண்ணிடம் கொடுத்தாள். படகின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் தோளைப் பிடித்து, காலை எடுத்து உள்ளே வைத்தாள். அண்ணாச்சி அவள் உட்காரும் வரை பார்த்து நின்றார். பிறகு திரும்பி இன்ஜினைத் தட்டினார்.

படகு நன்றாகப் போயிற்று. சாரல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. குற்றாலத்து மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. மைனி இரண்டு கையாலும் பலகையைப் பிடித்திருந்தாள். எதிர்க்கரை கிட்டே வந்தது. அங்கே ஆம்பல் கொடி படர்ந்து கிடந்தது. கரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னதால் அண்ணாச்சி அதற்குள் விட்டார். ஐந்தாறு பாகம் போயிருக்கும். இன்ஜின் சத்தம் மாறியது.

அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். மேலே மேலே ஏறியது. படகு தளர்ந்தது. அண்ணாச்சியின் கை தானாகவே வேகத்தைக் கூட்டியது. இவர் வாயைத் திறந்தார், இன்ஜினியரைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“நிறுத்துங்க” என்றாள் மைனி.

“இரு. கொஞ்சம் ஏத்துனாப் போயிரும்.”

“நிறுத்துங்கங்கேன். ஏத்த ஏத்த இறுக்கிப் புடிக்கும். நிறுத்தினா விட்டுரும்.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். நிறுத்தினார்.

குளம் முழுக்கச் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. படகு ஆடியது. இன்ஜினியர் குடையை மடக்கிவிட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். “என்ன ஆயிற்று? ரிப்பேரா?” என்று கேட்டார். மைனி குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு ஆம்பல் இலை, படகின் அடியிலிருந்து கழன்று மேலே வந்தது. பிறகு அதன் தண்டு, நீளமாக. பிறகு இன்னொன்று.

“இன்னும் ஒண்ணு வரணும்” என்றாள். அதுவும் வந்தது. “இப்போ போடுங்க.”

இன்ஜின் கிளம்பியது. சத்தம் கீழேயே நின்றது. படகு பாய்ந்தது.

பாதிக் குளம் வந்த பிறகுதான் இன்ஜினியர் பேசினார். “இது ஃபுட்வால்வ் அடைத்துக்கொண்ட மாதிரியல்லவா இருந்தது. பம்புதானே உள்ளே?”

“செட்டுதான் சார்” என்றார் இவர். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“அந்த அம்மா மெக்கானிக்கா?”

அண்ணாச்சி முன்னால் பார்த்தபடியே, “எங்க வீட்டுல சார். இந்தச் செட்டு அவளுக்குத்தான் தெரியும்” என்றார்.

கரை சேர்ந்ததும் இன்ஜினியர் ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினார். ஆம்பல் உள்ள பக்கம் போகக் கூடாது, மடைக்கல்லுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் படகு விடக் கூடாது என்று இரண்டு கட்டளை. கீழே கையெழுத்து. அண்ணாச்சி அதை மடித்து, நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லாரும் இறங்கியிருந்தோம். மைனி இறங்கவில்லை. பின்பலகையை விட்டு எழுந்து, முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள்.

“எறங்கலையா?” என்றார்.

“நடுக் கொளத்துல இருந்து நம்ம வயலு தெரியுது. எனக்கு இத்தனை நாளு தெரியாது” என்றாள். “அந்தக் கொடி பக்கம் போவாம, சுத்தி ஒரு தடவை போங்க.”

அவர் காலால் கரையை உந்தித் தள்ளிவிட்டு ஏறினார். நானும் இவரும் கரையில் நின்றோம். இவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்க்கரை வளைவு வரைக்கும் அது மாறவே இல்லை.